எந்தப் படம் மிகச் சிறந்தது?



லூமுட் படகுத் துறையில் பங்கோர் தீவுக்குச் செல்லும் படகுக்காக நம்மில் பலர் காத்திருந்திருப்போம். மாசி மகத்தன்று பங்கோர் பத்திரகாளியம்மன் கோயிலுக்குக் குடும்பத்தோடு புறப்பட்டவர்கள் வரிசையில் நிற்பார்கள். படகு வரச் சற்றுத் தாமதமானால் போதும், பக்கத்தில் இருப்பவரிடம் பேச்சு எழும். விலைவாசியில் தொடங்கி, பிள்ளைகளின் படிப்பில் புகுந்து, கடைசியில் அந்தப் பேச்சு சினிமாவில் வந்து நிற்கும்.

அப்படி ஒரு பேச்சை எண்ணிப் பார்ப்போம். பழைய தோட்டத்துப் பெரியவர் ஒருவர், "நாடோடி மன்னன் மாதிரி ஒரு படம் இனிமே எவன் எடுப்பான்?" என்கிறார். அருகிலிருக்கும் அம்மா விடுவதாக இல்லை. "அட போங்கண்ணே, பாசமலர் பார்த்துட்டு மூணு நாள் சோறு இறங்கலை எனக்கு. அதுதான் படம்" என்கிறார். பக்கத்தில் நிற்கும் இளைஞன் சிரித்துக்கொண்டே, "தாத்தா, நீங்க நாயகன் பார்க்கலையா?" என்று கேட்கிறான். படகு வந்துவிடுகிறது. ஆளுக்கொரு முடிவோடு ஏறிப் போகிறார்கள்.

இந்த வழக்கு நம் தோட்டத்து லயங்களில் நடந்தது. ஈப்போ நகரத்துத் தேநீர்க் கடைகளில் நடந்தது. உலகத்தின் பெரிய பத்திரிகை அலுவலகங்களிலும் நடந்துகொண்டே இருக்கிறது. இதை வெட்டிப் பேச்சு என்று ஒதுக்கிவிடலாமா? அல்லது இதிலிருந்து நாம் கற்றுக்கொள்ள ஏதேனும் உண்டா? இன்றைய உரையில் இதைப்பற்றிச் சிந்திப்போம்.

முதலில் அந்த மூவரும் உண்மையில் என்ன சொன்னார்கள் என்று பார்ப்போம். 1958-இல் வெளிவந்த ‘நாடோடி மன்னன்’ எம்.ஜி.ஆர். முதன்முதலாக இயக்கிய படம். நாடோடி ஒருவன் மன்னனின் இடத்தில் அமர்ந்து ஏழைகளுக்காகச் சட்டம் செய்கிறான். தன்னைப் போன்றவனுக்கு ஒரு நாள் அதிகாரம் கிடைத்தால் எப்படி இருக்கும் என்று அந்தப் பெரியவர் அதைப் பார்த்து நினைத்திருக்கலாம். 1961-இல் வந்த ‘பாசமலர்’ பீம்சிங் இயக்கத்தில் சிவாஜி கணேசனும் சாவித்திரியும் அண்ணன் தங்கையாக நடித்த படம். அந்த அம்மா தம் கண்ணீரை அளவாக வைத்துப் பேசுகிறார். 1987-இல் மணிரத்னம் எடுத்த ‘நாயகன்’ படத்தைச் சொல்லும் இளைஞன், ஒளிப்பதிவையும் நடிப்பையும் கதை சொல்லிய விதத்தையும் நினைக்கிறான். ஆக, மூவரும் ஒரே கேள்விக்கு மூன்று பதில் சொல்லவில்லை. மூன்று வேறு கேள்விகளுக்குப் பதில் சொன்னார்கள். ஒருவர் துணியை முழம் போட்டார், ஒருவர் அரிசியைப் படியால் அளந்தார், ஒருவர் பொன்னை உரைகல்லில் உரைத்தார். பிறகு யார் அளவு பெரிது என்று சண்டை.

ஆகவே, எது சிறந்த படம் என்று கேட்பதற்கு முன், எந்த அளவுகோலால் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். உலகத்தில் வழக்கத்தில் உள்ள அளவுகோல்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

முதல் அளவுகோல் மக்கள் கூட்டம். எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை நாள் ஓடியது என்பது கணக்கு. தமிழில் இதற்குப் பேர் பெற்ற சான்று தியாகராஜ பாகவதர் நடித்த ‘ஹரிதாஸ்’. 1944-ஆம் ஆண்டு தீபாவளிக்குச் சென்னை பிராட்வே கொட்டகையில் வெளியான அந்தப் படம் மூன்று தீபாவளிகளைக் கண்டது. இத்தனை மக்கள் மீண்டும் மீண்டும் பார்த்த ஒன்றை அற்பம் என்று தள்ள யாருக்கும் உரிமையில்லை.

ஆனால் கூட்டம் மட்டும் போதுமா? 1954-இல் எஸ். பாலசந்தர் இயக்கிய ‘அந்த நாள்’ படத்தைப் பாருங்கள். பாட்டு இல்லை, நடனம் இல்லை, சண்டைக் காட்சியும் இல்லை. ஒரு கொலை நடக்கிறது; அதைப்பற்றி ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொல்கிறார்கள். பாட்டை எதிர்பார்த்து வந்த கூட்டம் அன்று அதை விரும்பவில்லை. படம் வசூலில் தோற்றது. இன்று தமிழின் முக்கியமான படங்களைப்பற்றிப் பேசுகிறவர்கள் அதைச் சொல்லாமல் விடுவதில்லை. கூட்டத்தின் தீர்ப்பு உண்மைதான். ஆனால் அது அந்த நாளின் தீர்ப்பு.

இரண்டாவது அளவுகோல் விருது. 1959-இல் வந்த ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ படத்தில் நடித்ததற்காக, 1960-இல் கெய்ரோ நகரில் நடந்த ஆசிய ஆப்பிரிக்கப் படவிழாவில் சிவாஜி கணேசன் சிறந்த நடிகராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அந்தச் செய்தி கடல் கடந்து வாழ்ந்த தமிழர்களுக்கெல்லாம் பெருமை தந்தது. ஆனால் இன்னொன்றையும் கவனியுங்கள். இந்திய அரசு 1950-களிலேயே திரைப்பட விருதுகளைத் தொடங்கிவிட்டது. அதில் நாட்டின் சிறந்த படம் என்ற முதல் பரிசைத் தமிழ்ப்படம் ஒன்று பெற 1990-ஆம் ஆண்டுக்கான தேர்வுவரை காத்திருக்க வேண்டியிருந்தது. சேதுமாதவன் இயக்கிய ‘மறுபக்கம்’ அந்தப் பரிசைப் பெற்றது. அப்படியானால் அதற்கு முன் வந்த அத்தனை தமிழ்ப்படங்களிலும் ஒன்றுகூடத் தகுதி பெறவில்லையா? அப்படிச் சொல்ல முடியாது. விருது என்பது ஓர் அறையில் அமர்ந்த சிலரின் முடிவு. அவர்கள் யார், எதைத் தேடினார்கள் என்பதைப் பொறுத்தே அது அமையும்.

மூன்றாவது அளவுகோல் அறிஞர்களின் வாக்கு. இங்கிலாந்தில் ‘சைட் அண்ட் சவுண்ட்’ என்ற திரைப்படப் பத்திரிகை உண்டு. 1952 முதல் பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை அது உலகத் திரைப்பட விமர்சகர்களிடம், மிகச் சிறந்த படங்கள் பத்தைச் சொல்லுங்கள் என்று கேட்டு வருகிறது. 1952-இல் முதலிடம் பெற்றது இத்தாலியப் படமான ‘சைக்கிள் திருடர்கள்’. வேலைக்குத் தேவையான சைக்கிளைப் பறிகொடுத்த ஓர் ஏழைத் தந்தை, மகனைக் கையில் பிடித்துக்கொண்டு ரோமாபுரித் தெருக்களில் அதைத் தேடி அலையும் கதை. அப்போது அந்தப் படம் வந்து நான்கே ஆண்டுகள் ஆகியிருந்தன.

அடுத்த வாக்கெடுப்பில், 1962-இல், ஆர்சன் வெல்ஸ் என்ற அமெரிக்கர் 1941-இல் எடுத்த ‘சிட்டிசன் கேன்’ முதலிடத்துக்கு வந்தது. பத்து ஆண்டுகளுக்கு முன் அது முதல் பத்துக்குள்ளேகூட இல்லை! ஆனால் ஏறிய பிறகு இறங்கவில்லை. 1972, 1982, 1992, 2002 என்று அடுத்தடுத்த வாக்கெடுப்புகளிலும் அதுவே முதலிடம். 2012-இல் ஹிட்ச்காக் எடுத்த ‘வெர்டிகோ’ அதைக் கீழே தள்ளியது. 2022-இல் அதுவும் இறங்கி, ஷாந்தால் ஆக்கர்மன் என்ற பெல்ஜிய நாட்டுப் பெண்மணி 1975-இல் எடுத்த ‘ழான் டீல்மன்’ முதலிடம் பெற்றது. ஒரு விதவைத் தாய் உருளைக்கிழங்கு தோல் சீவுவதையும் பாத்திரம் கழுவுவதையும் மூன்று மணி நேரத்துக்கு மேல் நிதானமாகக் காட்டும் படம் அது. பெண் ஒருவர் இயக்கிய படம் அந்த வரிசையில் முதலிடம் பெற்றது அதுவே முதல் தடவை.

இந்த மாற்றம் எப்படி நேர்ந்தது? படங்கள் மாறவில்லை. 1975-இல் எடுத்த சுருளில் 2022-இல் ஒரு காட்சிகூடக் கூடவில்லை. மாறியவர்கள் வாக்களித்தவர்கள். 1952-இல் பதில் அனுப்பிய விமர்சகர்கள் 63 பேர். 2012-இல் 846 பேர். 2022-இல் 1,639 பேர். கேட்கப்பட்டவர்கள் பெருகினார்கள், பல நாட்டவரும் பெண்களும் இளையவர்களும் கூடினார்கள். சமையலறையில் நாள் முழுதும் நிற்பவளின் வாழ்க்கையும் பெரிய படத்துக்குரிய பொருள்தான் என்று சொல்லும் குரல்கள் வலுத்தன. இது சரியா தவறா என்று இன்றும் விவாதம் நடக்கிறது. நமக்கு வேண்டிய பாடம் ஒன்று: பட்டியலைப் படிக்கும்போது, அதில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதோடு, யாரைக் கேட்டார்கள் என்றும் பார்க்க வேண்டும்.

அந்த 2022 வரிசையில் சத்யஜித் ராய் 1955-இல் எடுத்த ‘பதேர் பாஞ்சாலி’ 35-ஆம் இடத்தில் இருந்தது. முதல் நூறில் தமிழ்ப்படம் ஒன்றுமில்லை. வேறு பட்டியல்களும் உண்டு. ‘டைம்’ என்ற அமெரிக்க வார இதழின் விமர்சகர்கள் இருவர் 2005-இல் நூறு சிறந்த படங்களைத் தேர்ந்தெடுத்தபோது, அவற்றுள் ‘நாயகன்’ படத்தையும் சேர்த்தார்கள். படகுத் துறையில் பேசிய இளைஞனுக்கு இது தெரிந்தால் மகிழ்ச்சி அடைவான். ஆனால் அதே படம் 2022 வாக்கெடுப்பின் நூறில் இல்லை. ஆளும் அளவுகோலும் மாறினால் முடிவும் மாறும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

நான்காவதாக ஒன்று இருக்கிறது. அதை அளவுகோல் என்று சொல்ல முடியாது. ஆனால் எல்லா அளவுகோல்களுக்கும் முன்னால் நிற்பது அது. படம் நம் கண்ணுக்குக் கிடைத்ததா என்பதே அந்தக் கேள்வி.

சென்னையில் நடராஜ முதலியார் 1910-களின் பிற்பகுதியில் ‘கீசக வதம்’ என்ற மௌனப்படத்தை எடுத்தார். தென்னிந்தியாவின் முதல் கதைப்படம் என்று வரலாறு அதைக் குறிப்பிடுகிறது. அந்தப் படம் இன்று இல்லை. 1931-இல் வெளியான ‘காளிதாஸ்’ தமிழின் முதல் பேசும் படம், டி.பி. ராஜலட்சுமி அதில் நடித்தார். அதன் பிரதியும் இன்று கிடைக்கவில்லை. அவை நல்ல படங்களா, சாதாரணப் படங்களா? யாரும் சொல்ல முடியாது. வழக்கு மன்றத்துக்கு வரவே முடியாதவர்களாக அவை நின்றுவிட்டன.

இதே விதி நம் மக்களுக்கும் பொருந்தும். அந்தக் காலத்தில் தோட்டத்தில் படம் பார்ப்பது எப்படி? திடலில் இரண்டு கம்பம் நட்டு வெள்ளைத் துணி கட்டுவார்கள். மாலையிலேயே பிள்ளைகள் பாய் விரித்து இடம் பிடிப்பார்கள். துணிக்குப் பின்புறம் உட்கார்ந்து எழுத்துகளை இடவலம் மாறிப் பார்த்தவர்களும் உண்டு. 1946-இல் தொடங்கிய மலாயா திரைப்படப் பிரிவின் செய்திப்படங்களைத் தகவல் இலாகா வண்டிகள் கொண்டுவந்து காட்டின. கதைப்படம் என்றால் தோட்டத்துக்கு எந்தச் சுருள் வந்ததோ அதுதான். விடியற்காலையில் எழுந்து பால் வெட்டப் போகிற ஒருவர், தம் வாழ்நாளில் பார்த்த நூறு படங்களில் சிறந்ததைச் சொல்கிறார் என்றால், அந்த நூறையும் அவர் தேர்ந்தெடுக்கவில்லை. படம் தருவிப்பவரும் வண்டிக்காரரும் மழையும் சேர்ந்து தேர்ந்தெடுத்தார்கள். ஆகவே பெரியவர்களின் ரசனையைக் குறைத்துப் பேசுவது அறியாமை. பிற்காலத்தில் பால்மரங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் வழிவிட்டன. மக்கள் பட்டணத்துக்குப் போனார்கள். அந்தத் திடல்களும் போய்விட்டன.

இனி நம் நாட்டுப் படங்களுக்கு வருவோம். மலாய்த் திரைப்படத்தின் தொடக்க காலத்தில் இந்தியாவிலிருந்து வந்த இயக்குநர்கள் பலர் உழைத்தார்கள். பினாங்கில் பிறந்த பி. ரம்லி கதாநாயகனாக முதலில் நடித்த ‘பக்தி’ 1950-இல் வந்தது. அதை இயக்கியவர் எல். கிருஷ்ணன், சென்னையில் பிறந்தவர். ‘ஹங் துவா’ படத்தை 1956-இல் இயக்கியவர் வங்காளத்துப் பானி மஜும்தார். பி. ரம்லி 1955-இல் தாமே இயக்கிய முதல் படம் ‘பெனாரேக் பெச்சா’. திரிசா வண்டி இழுப்பவன் ஒருவனின் கதை. இன்று அவர் படங்களை மூன்று இனத்தாரும் கொண்டாடுகிறார்கள். ஆனால் 1964-இல் கோலாலம்பூருக்கு வந்தபிறகு எடுத்த படங்கள் முன்போல் ஓடவில்லை. 1973-இல் தமது 44-ஆம் வயதில் மறைந்தபோது அவர் வறுமையில் இருந்தார். தான் ஸ்ரீ விருது 1990-இல், மறைவுக்குப் பின்னரே வந்தது. சிறந்தது என்று சொல்லத் தாமதித்தால் அதைக் கேட்க வேண்டியவர் இருக்கமாட்டார் என்பதை அவர் வாழ்க்கை காட்டுகிறது.

எது சிறந்த படம் என்ற கேள்வி, யார் இந்த நாட்டுக்காரர் என்ற கேள்வியாகவும் மாறக்கூடும். 2016-ஆம் ஆண்டில் மலேசியாவில் அப்படித்தான் ஆயிற்று.

அதற்கு முந்திய டிசம்பரில் சஞ்சை குமார் பெருமாள் இயக்கிய ‘ஜகாட்’ என்ற தமிழ்ப்படம் வெளியானது. பொல்லாதவன் என்ற பொருளுடைய மலாய்ச் சொல் நம் பேச்சில் திரிந்து வந்ததுதான் அந்தப் பெயர். தோட்டத்தை விட்டு வெளியேறிப் புறம்போக்குக் குடியிருப்பில் வாழும் ஒரு குடும்பம். காலம் 1990-களின் தொடக்கம். அப்போய் என்ற பன்னிரண்டு வயதுச் சிறுவன் சுட்டி, கற்பனை மிகுந்தவன். படிப்பால் மட்டுமே பிழைக்க முடியும் என்று தந்தை அடிக்கிறார். பள்ளிக்கூடமும் அவனைப் புரிந்துகொள்ளவில்லை. குண்டர் கும்பலில் இருக்கும் சித்தப்பா அவன் கண்ணுக்கு வீரனாகத் தெரிகிறார். அவன் எங்கே போய்ச் சேருவான் என்பதுதான் கதை. பேராக் மாநிலத்துப் பழைய தோட்டங்களிலிருந்து வெளியேறிய எந்தக் குடும்பத்துக்கும் இது அந்நியக் கதை அன்று.

அதே காலத்தில் சியூ கெங் குவான் இயக்கிய ‘ஓலா போலா’ வந்தது. 1980-ஆம் ஆண்டு மாஸ்கோ ஒலிம்பிக் போட்டிக்குத் தகுதி பெற்ற நம் காற்பந்துக் குழுவின் நினைவில் எழுந்த படம். மலாய்க்காரரும் சீனரும் தமிழரும் சேர்ந்து ஆடிய குழு என்பதால் படமும் பல மொழிகளில் பேசியது.

28-ஆவது மலேசியத் திரைப்பட விழாவுக்கு இவை போனபோது ஒரு விதி குறுக்கே நின்றது. உரையாடலில் 70 விழுக்காடு மலாய் மொழி இருந்தால்தான் சிறந்த படம் என்ற முதன்மைப் பிரிவில் போட்டியிடலாம். மற்றவை தனிப் பிரிவுக்குப் போக வேண்டும். இதைக் கேட்டதும் எதிர்ப்பு எழுந்தது. நாம் கவனிக்க வேண்டியது, எதிர்த்தவர்கள் தமிழரும் சீனரும் மட்டும் அல்லர் என்பதே. ஒளிப்பதிவாளர் முகமட் நோர் காசிம் தாம் அந்த விழாவில் பெற்றிருந்த விருதுகளைத் திருப்பித் தர முன்வந்தார். கலைஞர்கள் பலர் குரல் கொடுத்தார்கள். ஏற்பாட்டாளர்கள் விதிகளை மாற்றினார்கள். தேசிய மொழிப் படத்துக்கு ஒரு விருது இருந்தது. சிறந்த மலேசியப் படம் என்ற விருதும் இருந்தது. அந்தச் சிறந்த மலேசியப் படம் விருதை ‘ஜகாட்’ பெற்றது.

தேசிய மொழியை வளர்க்க ஒரு விருது இருப்பதில் தவறில்லை என்று வாதிட்டவர்களும் இருந்தார்கள். அதிலும் நியாயம் உண்டு. ஆனால் ஒரு படம் இந்த மண்ணின் கதையா என்பதை உரையாடலின் விழுக்காட்டால் அளக்கலாமா என்ற கேள்வியை நாடே கேட்டது. அதைத் தூண்டியது எது? சினிமாவைப்பற்றிய ஒரு வழக்கு. படகுத் துறையில் நடப்பது போன்ற அதே வழக்குத்தான். அதனால்தான் இதை வெட்டிப் பேச்சு என்று ஒதுக்கக் கூடாது என்கிறோம்.

நேயர்களே, இதுவரை கண்டவற்றிலிருந்து நாம் கடைப்பிடிக்கத்தக்க சில வழிகளைச் சொல்லி முடிப்போம்.

ஒன்று, ஒரு படத்தைச் சிறந்தது என்று சொல்லும்போது, எதனால் என்பதையும் சேர்த்துச் சொல்வோம். நடிப்பாலா, கதையாலா, காட்சியாலா, அல்லது அதைப் பார்த்த நாளில் நம்மோடு அமர்ந்திருந்தவர்களாலா? கடைசிக் காரணமும் மதிப்புள்ளதே. ஆனால் அது படத்தின் குணமா, நம் நினைவின் குணமா என்று பிரித்து அறிவது நல்லது.

இரண்டு, மாற்றார் சொல்லும் படத்தைப் பார்த்துவிட்டு மறுப்போம். பெரியவர் ‘நாயகன்’ பார்க்கட்டும். இளைஞன் ‘பாசமலர்’ பார்க்கட்டும். பாதி வழக்குகள் அங்கேயே தீர்ந்துவிடும்.

மூன்று, நம் பட்டியலில் நம் நாட்டுப் படம் ஒன்றுக்காவது இடம் தேடுவோம். இரக்கத்தால் இடம் கொடுக்க வேண்டாம். பார்த்து, எடைபோட்டுக் கொடுப்போம். தீபக் குமாரன் மேனன் 2005-இல் எடுத்த ‘செம்மண் சாலை’ 1960-களின் ரப்பர் தோட்டத்தில், மேற்படிப்புக்கு ஆசைப்படும் ஒரு பெண்ணின் கதையைச் சொல்கிறது. நம்மில் எத்தனை பேர் அதைப் பார்த்தோம்? பேசாத படம் மறக்கப்படும். மறந்த படத்தின் பிரதியை யாரும் தேடிக் காப்பாற்றமாட்டார்கள். ‘காளிதாஸ்’ போன வழியில் அதுவும் போகும்.

நான்காவது, பிள்ளைகளுக்கான வேலை. சித்தியவான், ஆயர் தாவார், லூமுட் வட்டாரத்துத் தோட்டங்களில் திடலில் படம் பார்த்த பெரியவர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு தாத்தா பாட்டியிடம் உட்காருங்கள். எந்தப் படம், எந்தத் தோட்டம், யார் கூட வந்தார்கள், ஏன் பிடித்தது என்று கேட்டு எழுதுங்கள். அவர்கள் பார்த்த திடல் இப்போது இல்லை. கேட்டு எழுதாவிட்டால் அவர்கள் தீர்ப்பும் இருக்காது.

அடுத்த முறை படகு தாமதமானால் சலிப்படைய வேண்டாம். பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டுப் பாருங்கள். அவர் பெயர் சொல்லும் படத்தை நாம் கேள்விப்படாமலே இருந்திருக்கலாம்.